பியெத்ரோ ஜெர்மி
நகையைப் படைக்கலமாகக் கொண்ட படக்கலைஞர்

தோற்றுவாய்

கலைத்துறையில் வல்லோரை உலகம் பெரும்பாலும் இருவகையாகப் பகுத்துக் காண்கின்றது. ஒரே துறையில் ஆழ்ந்து நின்று, அத்துறையின் பெயரோடு தம் பெயரையும் பிணைத்துக்கொண்டோர் ஒரு வகையினர். பல துறைகளிலும் புகுந்து, ஒன்றிலும் தங்காது சென்றோர் மற்றொரு வகையினர். முன்னவரை ஆழமுடையார் என்று போற்றும் உலகம், பின்னவரை நிலையில்லார் என்று ஐயுறுதலும் உண்டு. இத்தாலி நாட்டுத் திரைப்படக் கலைஞராகிய பியெத்ரோ ஜெர்மி தம் வாழ்நாள் முழுவதும் இவ்வையத்திற்கு ஆளாகி நின்றார்.

அவர் 1946 முதல் 1972 வரையுள்ள காலத்தில் 18 முழுநீளப் படங்களை டைரக்ட் செய்தார். அவற்றிற் பெரும்பாலனவற்றின் கதையமைப்பிலும் உரையாடலிலும் அவர் கை இருந்தது; சிலவற்றில் தாமே தலைமைப் பாத்திரம் ஏற்று நடித்தார். துப்பறியும் கதை, குற்றக் கதை, ஏழை மக்களின் துயரக் கதை, வரலாற்றுப் போர்க் கதை, குடும்பக் கதை, நகைச்சுவைக் கதை என அவர் தொடாத வகை சிலவே. எனினும் அவர் வரலாற்றை முதலிலிருந்து முடிவுவரை நோக்குவார்க்கு, இப்பல வகைகளுக்கும் அடியில் ஒரே கேள்வி ஓடிக்கொண்டிருத்தல் புலனாகும். சட்டமும் வழக்கமும் நேர்மைக்கு மாறாக நிற்கும்போது மனிதன் செய்யத்தக்கது யாது என்பதே அக்கேள்வி. அதற்கு அவர் முதலிற் கண்ட விடை வேறு. பின்னர்க் கண்ட விடை வேறு. அம்மாற்றத்தின் வரலாறே அவருடைய வாழ்க்கை வரலாறு எனலாம்.

பிறப்பும் இளமையும்

இத்தாலியின் வடமேற்குக் கரையில் மத்தியதரைக் கடலை நோக்கி அமைந்திருப்பது ஜெனோவா என்னும் துறைமுகப் பட்டினம். கொலம்பஸ் பிறந்த ஊரெனப் பெயர்பெற்ற அந்நகரில், 1914 ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 14 ஆம் நாள் ஜெர்மி பிறந்தார். ஐரோப்பாவில் முதலாவது உலகப்போர் மூண்டு இரண்டு மாதங்களும் நிறையாத காலம் அது. செல்வம் இல்லாத எளிய குடும்பம் அவருடையது. துறைமுகத்துச் சிறுவர்க்குக் கடலே முதலில் வழிகாட்டுதல் இயல்பன்றோ! ஜெர்மியும் மாலுமிகளைப் பயிற்றும் கல்விக்கூடம் ஒன்றிற் சேர்ந்தார். ஆயினும் அப்படிப்பு அவருடைய உள்ளத்தைப் பற்றவில்லை. இடையிலேயே அதனை விடுத்தார். நாடகமும் சினிமாவும் அவரை ஈர்த்தன.

அக்காலத்தில் இத்தாலியை ஆண்டவர் முசோலினி. மக்களின் மனத்தைப் பிடிக்கச் சினிமாவை ஒத்த கருவி வேறில்லை என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார். ஆதலின் 1935 ஆம் ஆண்டில் ரோமாபுரியிற் சினிமாக் கலையைப் பயிற்றுவதற்கென்றே ஒரு கல்லூரி நிறுவப்பெற்றது. 1937 இல் சினெச்சித்தா என்னும் பெரிய படப்பிடிப்பு நிலையமும் திறக்கப்பெற்றது. வரலாற்றில் இவ்வாறு வியப்பு நிகழ்வதுண்டு: சர்வாதிகாரி கட்டிய அக்கல்லூரியிற் பயின்ற இளைஞர் சிலர், பிற்காலத்தில் அச்சர்வாதிகாரம் விட்டுச்சென்ற கேடுகளையே திரையில் எடுத்துக்காட்டினர். ஜெர்மி அவர்களுள் ஒருவர்.

அவர் அக்கல்லூரியில் நடிப்புப் பயில்வதற்கே முதலிற் சேர்ந்தார். பின்னர் டைரக்டர் தொழிலைப் பயின்றார். அலெஸ்ஸாந்த்ரோ பிளாஸெத்தி என்னும் புகழ்பெற்ற டைரக்டர் அவருக்கு ஆசிரியராக வாய்த்தார். வயிற்றுப்பாட்டிற்காகச் சிறு வேடங்களில் நடித்தும், துணை டைரக்டராக உழைத்தும், பிறர் படங்களுக்குக் கதையெழுத உதவியும் ஜெர்மி காலங்கழித்தார். ஒரு படம் உருவாவதில் எழுதுவோன், நடிப்போன், நடத்துவோன் ஆகிய மூவர் தொழிலையும் அவர் அடிப்படையிலிருந்து கற்றது இவ்வறுமைக் காலத்திலேயாம்.

முதற் படங்கள்

இரண்டாவது உலகப்போர் 1945 இல் முடிந்தபோது இத்தாலி இடிபாடுகளின் நடுவே நின்றது. போருக்கு முன்னர் அந்நாட்டிற் பெருகியிருந்த படங்களோ, செல்வர் மாளிகைகளையும் அங்கு நிகழும் காதல் விளையாட்டுக்களையுமே காட்டியவை. அவற்றைத் துறந்து, தெருவையும் தெருவில் நிற்கும் ஏழையையும் உள்ளவாறே காட்ட வேண்டும் என்னும் எழுச்சி தோன்றிற்று. ரொஸெல்லினியின் ரோமாபுரிப் படமும், தெ ஸீக்கா எடுத்த சைக்கிள் திருடர் கதையும் இவ்வெழுச்சியின் கனிகள். உலகமெங்கும் புது மெய்ம்மைநெறி என்று புகழ்பெற்ற இயக்கம் இதுவே.

ஜெர்மி தம் முதற் படமாகிய 'சாட்சி' என்பதை வெளியிட்டது இவ்வெழுச்சியின் நடுவில், 1946 ஆம் ஆண்டில். கொலைக் குற்றம் சாட்டப்பெற்ற ஒருவன், ஒரு கிழவரின் சாட்சியத்தால் தண்டனை அடைகின்றான். அச்சாட்சியம் ஐயத்திற்கு இடமாகவே விடுதலை பெறுகின்றான். சட்டம் அவனை விட்டுவிடுகின்றது. அவனுடைய மனச்சான்று விடவில்லை. உண்மையில் அவன் குற்றவாளியே. நீதிமன்றம் விடுத்தவனை நெஞ்சம் சிறைப்படுத்தும் இக்கதையில், ஜெர்மியின் வாழ்நாட் பொருள் முளைவிட்டிருப்பதைக் காண்கின்றோம். சட்டம் வேறு, நீதி வேறு என்பதே அப்பொருள்.

அடுத்து வந்த 'நெறியிழந்த இளைஞர்' என்னும் படம், போருக்குப் பின் நற்குடும்பத்துப் பிள்ளைகளும் குற்றத்தில் வீழ்ந்ததைக் காட்டியது. படத் தணிக்கையாளர் அதற்குத் தடைகள் விளைத்தனர். அப்போது இத்தாலியப் படத்துறையினர் பலர் ஒன்றுகூடி ஜெர்மியின் பக்கம் நின்று வெளிப்படையாக எதிர்ப்புத் தெரிவித்தனர்.

ஸிஸிலிக்குச் சென்றமை

இத்தாலியை ஒரு காலுறைப் பாதமாகக் கருதினால், அப்பாதத்தின் நுனியால் உதைபடும் கல்லைப்போலத் தெற்கே கிடக்கும் தீவு ஸிஸிலி. ஜெனோவாவில் வளர்ந்தவர்க்கு அது பிறிதொரு நாடுபோலவே தோன்றும். வெயில் காய்ந்த குன்றுகள், கந்தகச் சுரங்கங்கள், பெருநிலக்கிழார், நிலமற்ற ஏழைகள், இவர்களுக்கு இடையே மறைந்து நின்று ஆட்சி புரியும் மாபியாக் கூட்டம் ஆகியவையே அக்காலத்து ஸிஸிலி. வடநாட்டவராகிய ஜெர்மி இத்தீவைத் தம் கலைக்குத் தாயகமாகக் கொண்டார்.

1949 இல் வெளிவந்த 'சட்டத்தின் பெயரால்' என்பது அங்கு எடுத்த முதற்படம். நீதிபதியாக இருந்த லோ ஸ்கியாவோ என்பவர் எழுதிய நாவலைத் தழுவியது. பெடரிக்கோ பெல்லினி, மாரியோ மொனிச்செல்லி, துல்லியோ பினெல்லி முதலியோர் அதன் கதையமைப்பில் ஜெர்மியோடு பங்குகொண்டனர். இளம் மாஜிஸ்திரேட்டு ஒருவர் ஸிஸிலியிலுள்ள சிற்றூர் ஒன்றிற்கு மாற்றலாகி வருகின்றார். மூடிக் கிடக்கும் சுரங்கம், வேலையிழந்த மக்கள், வாய்திறவாத சாட்சிகள், ஊரின் உண்மை அரசனாக விளங்கும் மாபியாத் தலைவன். மாஜிஸ்திரேட்டு தனித்து நின்று சட்டத்தை நிலைநாட்ட முயல்கின்றார். தோல்வியுற்று ஊரைவிட்டு நீங்கவும் துணிகின்றார். அந்நிலையில் அவரிடம் அன்பு பூண்ட இளைஞன் ஒருவன் கொலையுண்கிறான். அவரோ கோயில் மணியை அடித்து ஊரைக் கூட்டி, எல்லோரையும் குற்றவாளிகள் என்று இடித்துரைக்கின்றார். மாபியாத் தலைவன் மனம் மாறிக் கொலைஞனைச் சட்டத்தின் கையில் ஒப்படைக்கின்றான்.

மாபியாவைத் திரைக்குக் கொணர்ந்த முதற் படங்களுள் இதுவும் ஒன்று. மக்கள் திரண்டு சென்று பார்த்தனர். ஆயினும் இதன் முடிவு குறித்து எழுந்த குறை நேரியதே. கொலையும் கொள்ளையும் தொழிலாகக் கொண்ட கூட்டத்தின் தலைவனைத் தனக்கென ஓர் அறநெறி உடையவனாகவும், சட்டத்தோடு கைகோக்கத் தக்கவனாகவும் காட்டியது உண்மைக்கு மாறாகும் என்றனர். அக்காலத்து ஜெர்மி, சட்டம் நல்லது, அதனைத் துணிவோடு நடத்துவோர் கிடைத்தால் நாடு திருந்தும் என்று நம்பியிருந்தார். அந்நம்பிக்கையின் வலிமையும் பேதைமையும் இப்படத்தில் ஒருங்கே உள்ளன.

நம்பிக்கையின் வழி

அடுத்த ஆண்டில், அதாவது 1950 இல், வெளிவந்த 'நம்பிக்கையின் வழி' என்னும் படம் ஜெர்மியின் பெயரை அயல்நாடுகளிலும் பரப்பியது. ஸிஸிலியிற் கந்தகச் சுரங்கம் ஒன்று மூடப்படுகின்றது. பிழைக்க வழியற்ற தொழிலாளர், பிரான்சு தேசத்தில் வேலை உண்டென்று ஒருவன் கூறிய சொல்லை நம்பி, கட்டிலையும் பாத்திரத்தையும் விற்றுப் பணம் கொடுத்து, மனைவி மக்களோடு புறப்படுகின்றனர். ரோமாபுரியை அடைந்ததும் அவ்வஞ்சகன் அவர்களைக் கைவிடுகின்றான். போலீசார் திரும்பிப் போகுமாறு ஆணையிடுகின்றனர். அவர்களோ வடக்கு நோக்கியே நடக்கின்றனர். வழியில் ஓரிடத்தில் வயல்வேலை கிடைக்கின்றது. பின்னரே அது வேலைநிறுத்தம் செய்யும் உழவரின் வேலை என்பது தெரிகின்றது. ஏழையின் வயிற்றில் ஏழையே அடிக்க நேரும் அவலம் அது. முடிவில் எஞ்சியோர் ஆல்ப்ஸ் மலையின் பனியைக் கடந்து எல்லையை அடைகின்றனர். எல்லைக் காவலர் அவர்களைக் காண்கின்றனர், குழந்தைகளையும் நோக்குகின்றனர், தடுக்காமல் விட்டுவிடுகின்றனர்.

முன்னைப் படத்திற் சட்டத்தை நடத்துவோன் வீரனாக நின்றான். இப்படத்திலோ சட்டத்தை நடத்தாமல் விட்ட காவலரே மனிதத் தன்மையுடையோர் ஆயினர். ஓராண்டிற்குள் ஜெர்மியின் சிந்தை எங்ஙனம் நகர்ந்தது என்பதை இதனால் உய்த்துணரலாம். 1951 இல் முதன்முதலாக நடைபெற்ற பெர்லின் படவிழாவில் இப்படம் வெள்ளிப் பரிசு பெற்றது.

பின்னர் நான்கு கள்வரின் வீழ்ச்சியைக் கூறும் 'நகரம் தன்னைக் காக்கின்றது', இத்தாலி ஒன்றுபட்டபின் தென்னாட்டில் நிகழ்ந்த கொள்ளையர் போரைப் பொருளாகக் கொண்ட 'தாக்கா தெல் லூப்போக் கொள்ளைக்காரன்' முதலிய படங்களை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்தார். அமெரிக்க டைரக்டர்களின் விறுவிறுப்பான கதைகூறும் முறையில், சிறப்பாக ஜான் போர்டு என்பாரின் முறையில், அவருக்கிருந்த பற்று இவற்றில் நன்கு வெளிப்படும்.

எஞ்சின் டிரைவர்

1956 இல் வெளிவந்த 'ரயில்வேத் தொழிலாளி' என்பது ஜெர்மியின் படங்களுள் மக்கள் நெஞ்சை மிகவும் உருக்கியது. இதனை டைரக்ட் செய்ததோடு தலைமைப் பாத்திரத்தையும் அவரே ஏற்றார். ஆந்திரேயா மர்கோச்சி என்னும் எஞ்சின் டிரைவரின் கதை இது. ஒருநாள் ஒருவன் அவர் ஓட்டும் ரயிலின் முன் பாய்ந்து உயிர் துறக்கின்றான். அதிர்ச்சியுற்ற நிலையில் மர்கோச்சி கைகாட்டி ஒன்றைக் கவனியாது கடந்துவிடுகின்றார். பெரும் விபத்து மயிரிழையில் தப்புகின்றது. மேலதிகாரிகள் அவரைத் தாழ்ந்த வேலைக்கு இறக்குகின்றனர். தொழிற்சங்கமும் அவருக்குக் கைகொடுக்கவில்லை. மனம் கசந்த அவர், வேலைநிறுத்த நாளில் எஞ்சினை ஓட்டித் தோழர்களின் பகையைத் தேடிக்கொள்கின்றார். மகளோடும் மூத்த மகனோடும் மனம் வேறுபடுகின்றார்; மதுக்கடையே தஞ்சமாகின்றது. இத்தனையையும் நாம் அவருடைய இளைய மகனாகிய சிறுவன் ஸாந்த்ரோவின் கண்களால் காண்கின்றோம். தந்தையைத் தேடி அச்சிறுவன் மதுக்கடைக்குச் செல்வதும், பழைய தோழரிடம் அவரை மீண்டும் சேர்ப்பதும், கிறிஸ்துமஸ் இரவில் இல்லம் நிறைந்திருப்பதும், அதன்பின் தந்தை கிதார் வாசித்தவாறே அமைதியாக உயிர் நீப்பதும் எளிதில் மறக்கத்தக்கன அல்ல. கார்லோ ருஸ்திக்கெல்லியின் இசை அத்துயரத்திற்குத் துணைநின்றது.

இப்படத்தை மக்கள் விரும்பினர். விமரிசகர் பலர் விரும்பவில்லை. அக்காலத்து இத்தாலியில் ஒருபுறம் கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சியும் மற்றொரு புறம் பொதுவுடைமைக் கட்சியும் எதிரெதிர் நின்றன. கலைஞர் எவரும் இவ்விரண்டில் ஒன்றைச் சார்ந்தே நிற்றல் வேண்டும் என்பது எழுதாத விதியாக இருந்தது. ஜெர்மி இரண்டையும் சாராத சமூக ஜனநாயகக் கொள்கையினர். வேலைநிறுத்தத்தை முறித்த தொழிலாளியையும் இரக்கத்தோடு காட்டியமையால் இடதுசாரியினர் முகஞ்சுளித்தனர். இவர் கண்ணீர்க் கதைக்காரர் என்று இகழ்ந்தோரும் உளர். இயல்பிலேயே பேச்சுக் குறைந்தவரும், கூட்டங்களை வெறுப்பவரும், சுருட்டும் கையுமாகத் தனித்திருப்பவருமாகிய ஜெர்மி, இவ்விகழ்ச்சிகளால் மேலும் தம்முள் ஒடுங்கினார்; ஆனால் தொழிலை நிறுத்தினாரல்லர்.

1958 இல் 'வைக்கோல் மனிதன்' என்னும் குடும்பத் துயரக் கதையிலும் தாமே நடித்தார். 1959 இல் கார்லோ எமிலியோ காத்தா என்னும் பெரும் எழுத்தாளரின் கடினமான நாவல் ஒன்றைப் படமாக்கினார். பல வட்டார மொழிகள் கலந்து, குற்றவாளி இன்னாரென்று கூறாமலே முடிவது அந்நாவல். அதனைத் தெளிவான துப்பறியும் படமாக மாற்றி, போலீசு அதிகாரியின் வேடத்தில் ஜெர்மியே தோன்றினார். கிளாடியா கார்டினாலே என்னும் இளநடிகையும் அதில் நடித்துப் புகழ்பெற்றார்.

கண்ணீர் நகையானமை

இனி நாம் கூறப்புகுவது ஜெர்மியின் வாழ்க்கையிற் பெருந்திருப்பம். இதனை உணர்வதற்கு இத்தாலியச் சட்டத்தின் ஒரு பகுதியை அறிதல் வேண்டும்.

அந்நாட்டில் 1930 ஆம் ஆண்டில் இயற்றப்பெற்ற தண்டனைச் சட்டத்தின் 587 ஆம் பிரிவு மானக்கொலையைப் பற்றியது. வாழ்க்கைத்துணையோ, மகளோ, உடன்பிறந்தாளோ தகாத உறவு கொண்டிருத்தலைக் கண்டு, மானம் அழிந்தது என்னும் சினத்தால் ஒருவன் கொலை செய்வானாயின், அவனுக்குத் தண்டனை 3 ஆண்டு முதல் 7 ஆண்டு வரையே. வேறு கொலைக்கோ 21 ஆண்டிற்குக் குறையாத சிறை. மணவிலக்கோ அந்நாட்டுச் சட்டத்தில் அன்று இல்லை. ஆகவே, மனைவியை விலக்க விரும்புவானுக்குச் சட்டம் வழி தரவில்லை. அவளைக் கொன்றால் இரக்கம் காட்டியது! போர் முடிந்து, முடியாட்சி நீங்கி, குடியாட்சி மலர்ந்த பின்னரும் இச்சட்டம் அழியாது நின்றது.

ஜெர்மியும் அவருடைய எழுத்துத் துணைவராகிய என்னியோ தெ கொன்சீனி, அல்பிரேதோ ஜியன்னெத்தி ஆகியோரும் இப்பொருளைப் பற்றி ஒரு துயரப் படம் எடுக்கவே முதலிற் கருதினர். ஆனால் எழுத எழுத, இதிலுள்ள முரண்பாடு துயரத்தின் எல்லையையும் கடந்து நகைப்புக்கு இடமாக நிற்பதைக் கண்டனர். அழுகையால் உணர்த்த முற்பட்டால், கொலை செய்தவனும் மானமிழந்த துயரத்தால் செய்தான் என்று காண்போர் இரங்கிவிடக் கூடும். அவனைக் கண்டு சிரித்தாலோ, அவ்விரக்கத்திற்கு இடமில்லை. இதனை உணர்ந்ததே ஜெர்மியின் பெருமை. நாற்பத்தேழு வயதில், அதுகாறும் துயரக் கதைகளாற் பெற்ற பெயரை ஒருபுறம் வைத்துவிட்டு, அவர் புதுவழியிற் புகுந்தார்.

1961 இல் வெளிவந்த அப்படம் 'இத்தாலிய முறை மணவிலக்கு'. ஸிஸிலியிலுள்ள கற்பனை ஊராகிய அக்ராமோந்தேயில் வாழும் பெர்தினாந்தோ செபலூ என்னும் பிரபு, நலிந்த குடும்பத்தின் சோம்பலான வாரிசு. எண்ணெய் தடவி வாரிய தலை, துடிக்கும் கன்னம், மனைவி ரொஸாலியாவிடம் தீராத சலிப்பு. இளம் பெண்ணாகிய உறவினள் ஆஞ்ஜெலாவின்மேல் அவருக்கு ஆசை பிறக்கின்றது. மானத்தின் பெயராற் கொலை செய்து குறைந்த தண்டனை பெற்ற ஒருத்தியின் வழக்கைக் கேட்டதும் அவர் உள்ளத்தில் ஒரு சூழ்ச்சி உதிக்கின்றது. தம் மனைவியைத் தாமே கெடுப்பதற்கு ஆள் தேடுகின்றார்! கோயிற் சித்திரம் தீட்ட வந்த பழைய காதலன் ஒருவனை வீட்டிற்கு அழைத்து, இருவரையும் தனித்திருக்கவிட்டு, ஒலிப்பதிவுக் கருவியை மறைத்துவைத்து ஒட்டுக்கேட்கின்றார். நீதிமன்றத்தில் வக்கீல் தமக்காகப் பேசப்போகும் உருக்கமான பேருரையையும் மனத்திற்குள் முன்னரே கேட்டு மகிழ்கின்றார். மனைவி ஓடிப்போனபின் ஊரார் இகழ்கின்றனர். கொலை செய்தபின் அவ்வூராரே மதிக்கின்றனர். சில ஆண்டுச் சிறைக்குப்பின் அவர் வெளிவந்து ஆஞ்ஜெலாவை மணக்கின்றார். இறுதிக் காட்சியிற் படகொன்றில் இருவரும் இன்புற்றிருக்க, அவள் பாதம் படகோட்டியின் பாதத்தை மெல்லத் தடவுகின்றது. செய்த சூழ்ச்சி திரும்பிவரும் வழி அதுவே.

பிரபுவாக நடித்தவர் மார்ச்செல்லோ மாஸ்திரோயான்னி. மனைவியாகத் தானியேலா ரொக்காவும், ஆஞ்ஜெலாவாக ஸ்தெபானியா சாந்திரெல்லியும் நடித்தனர். 1962 இல் கான் நகரப் படவிழாவிற் சிறந்த நகைச்சுவைப் படத்திற்குரிய பரிசும், 1963 இல் அமெரிக்காவிற் சிறந்த கதையமைப்பிற்குரிய ஆஸ்கார் பரிசும் இதற்குக் கிடைத்தன. ஆஸ்கார் பரிசு ஜெர்மிக்கும் அவருடைய எழுத்துத் துணைவர் இருவருக்கும் உரியதாயிற்று. இத்தாலியில் அக்காலத்தில் எடுக்கப்பெற்ற இவ்வகைப் படங்கள் யாவும், இப்படத்தின் பெயரை ஒட்டியே இத்தாலிய முறை நகைச்சுவை என வழங்கலாயின.

மானமும் வெளிவேடமும்

ஜெர்மி இவ்வளவில் நின்றாரில்லை. தண்டனைச் சட்டத்தில் 544 ஆம் பிரிவும் இருந்தது. ஒரு பெண்ணை வன்முறைக்கு உள்ளாக்கியவன், பின்னர் அவளையே மணந்துகொண்டால் குற்றம் நீங்கிவிடும் என்பது அதன் பொருள். துன்புற்றவளையே துன்புறுத்தியவனுக்கு வாழ்நாள் முழுதும் ஒப்படைக்கும் விதி அது. இதனையும் இதனைச் சூழ்ந்த வழக்கங்களையும் பொருளாகக் கொண்டு 1964 இல் 'கெடுக்கப்பட்டுக் கைவிடப்பட்டவள்' என்னும் படத்தை அவர் வெளியிட்டார். மூத்த மகளுக்கு நிச்சயிக்கப்பெற்ற மணமகன் இளைய மகளைக் கெடுத்துவிடுகின்றான். தந்தை வின்சென்ஸோ அஸ்கலோனே, மகளின் துயரத்தை ஒருகணமும் நினையாமல், குடும்ப மானத்தைக் காப்பதற்கே ஓடுகின்றார். கொலைக்கு ஏற்பாடு செய்கின்றார். அது தவறவே, போலிக் கடத்தல் ஒன்றை ஊரறிய நடத்திவைக்கின்றார். முடிவில் ஓடிய ஓட்டத்திலேயே உயிர் துறக்கின்றார். அவர் கல்லறையின் மேல் மானமும் குடும்பமும் பொறிக்கப்பெறுகின்றன. தந்தையாக நடித்த ஸாரோ ஊர்ஸிக்குக் கான் விழாவிற் சிறந்த நடிகர் பரிசு கிடைத்தது.

படம் வந்த மறு ஆண்டு டிசம்பரில், ஸிஸிலியிலுள்ள அல்காமோ என்னும் ஊரில் 17 வயதுப் பெண்ணொருத்தி கடத்தப்பட்டாள். அவள் தன்னைக் கடத்தியவனை மணக்க மறுத்துவிட்டாள். தந்தையும் மகளின் பக்கமே நின்றார். 1966 இல் அக்குற்றவாளி சிறைத்தண்டனை பெற்றான். ஜெர்மி கற்பனையிற் காட்டிய தந்தைக்கு நேர்மாறான ஒரு தந்தை மெய்வாழ்விலே தோன்றியது, அம்மண்ணின் பெருமைக்குரிய செய்தியாம்.

ஸிஸிலியை இகழ்கின்றார் என்று ஜெர்மியைக் குறைகூறியோர் உண்டு. ஆனால் அச்சட்டங்கள் ஸிஸிலிக்கு மட்டும் உரியன அல்ல. மிலான் முதல் பலெர்மோ வரை நாடு முழுவதற்கும் உரியன. நாகரிகம் மிக்கதென்று செருக்குற்ற வடபுலமும் குறைந்ததன்று என்பதைக் காட்டுவதற்கே போலும், 1966 இல் 'பெண்டிரும் பெருமக்களும்' என்னும் படத்தை வெனெத்தோ நாட்டிலுள்ள திரெவிஸோ நகரில் எடுத்தார். அங்கே கொலை இல்லை, வெளிவேடம் உண்டு. ஊரார் அனைவரும் மறைவில் ஒழுக்கந் தவறுவர். ஒருவன் மட்டும் மெய்யாகவே காதலித்து அதனை மறையாது வாழ முற்பட்டால், அவனை எல்லோரும் கூடி ஒழிப்பர். சிறுமி ஒருத்திக்கு ஊர்ப் பெரியோர் இழைத்த கேடு, பணத்தாலும் செல்வாக்காலும் மறைக்கப்படுகின்றது. கான் விழாவின் தலைமைப் பரிசு அவ்வாண்டு இரு படங்களுக்குப் பகிர்ந்தளிக்கப்பெற்றது; இப்படம் அவற்றுள் ஒன்று.

இறுதிக் காலம்

இதற்குப் பின் வந்தவற்றுள், மலைநாட்டு இடையன் ஒருவனின் கட்டற்ற வாழ்வைக் கூறும் 'ஸெரபீனோ' 1969 இல் மாஸ்கோப் படவிழாவிற் பொற்பரிசு பெற்றது. அமெரிக்க நடிகர் தஸ்டின் ஹாப்மன் நடித்த 'அல்பிரேதோ அல்பிரேதோ' 1972 இல் வெளிவந்தது. ஜெர்மி முற்றுவித்த படங்களில் இதுவே கடைசி. இக்காலத்துப் படங்களில் முன்னைக் கூர்மை ஓரளவு மழுங்கியது என்பதையும், பெண்களைக் காட்டும் முறையில் முன்பிருந்த பரிவு குறைந்தது என்பதையும் மறைத்தற்கில்லை.

ஆயினும் காலம் அவருடைய கேள்விக்குச் சிறிது சிறிதாக விடையளிக்கத் தொடங்கியது. 1970 ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள் இத்தாலியில் மணவிலக்குச் சட்டம் நிறைவேறிற்று. அதனை நீக்க வேண்டும் என்று 1974 மே மாதத்தில் நடந்த பொதுவாக்கெடுப்பில், நூற்றுக்கு 59 பேர் சட்டம் நிலைக்க வேண்டும் என்றே வாக்களித்தனர். அதனைக் கண்டபின் ஜெர்மி நெடுநாள் வாழவில்லை.

கல்லீரல் நோயால் உடல் நலிந்த நிலையில் அவர் 'என் நண்பர்கள்' என்னும் படத்திற்கு ஆயத்தம் செய்துகொண்டிருந்தார். தம்மால் இயலாதென உணர்ந்ததும், ஸிஸிலிப் படக் காலத்துத் தோழராகிய மொனிச்செல்லியின் கையில் அதனை ஒப்படைத்தார். 1974 ஆம் ஆண்டு டிசம்பர் 5 ஆம் நாள் ரோமாபுரியில் தமது அறுபதாம் வயதில் உயிர் நீத்தார். மறு ஆண்டு வெளிவந்த அப்படத்தை, டைரக்ட் செய்த மொனிச்செல்லி தம் படமென்று கூறிக்கொள்ளவில்லை. முகப்பில் அது ஜெர்மியின் படம் என்றே பொறிக்கப்பெற்றது. அதன் முடிவில் நண்பர் ஒருவர் இறக்க, அவரை அடக்கம் செய்ய வந்தவர்கள் துயரத்தின் நடுவிலும் சிரிப்பை அடக்கமாட்டாது நிற்கின்றனர். ஜெர்மிக்கு இதனினும் பொருத்தமான இரங்கல் ஏது?

மானக்கொலைக்கு இரக்கம் காட்டிய 587 ஆம் பிரிவும், மணந்தாற் குற்றம் நீங்கும் என்ற 544 ஆம் பிரிவும் 1981 ஆம் ஆண்டு ஆகஸ்டு 5 ஆம் நாளிட்ட சட்டத்தால் ஒருங்கே ஒழிக்கப்பட்டன. அப்போது ஜெர்மி மறைந்து ஏழாண்டுகள் ஆகவிருந்தன.

முடிவுரை

ஒரு படத்தால் ஒரு சட்டம் ஒழிந்தது என்று கூறுதல் மிகையாகும். வழக்கறிஞரும், பெண்மக்களும், சட்டமன்றத்தாரும், அல்காமோவின் இளம்பெண்ணும் அப்பெருமையிற் பங்குடையோர். எனினும் பெருமிதத்தோடு செய்துவந்த ஒரு செயலை நகைப்புக்கு உரியதாக்கிவிட்டால், அதனைப் பழைய பெருமிதத்தோடு மீண்டும் செய்தல் அரிது. அத்தொண்டினை ஜெர்மி செய்தார்.

பெல்லினி இவரை ஒரு பெருந் தச்சருக்கு ஒப்பிட்டார் என்பர். அவ்வுவமை ஆழ்ந்து நோக்கத் தக்கது. தச்சன் தன்னிடம் பல கருவிகள் வைத்திருப்பது மனம் நிலையாமையால் அன்று. வாள் அறுக்குமிடத்தில் உளி பயன்படாது. உளி செதுக்குமிடத்தில் வாள் பயன்படாது. மரத்தை அறிந்து கருவியை எடுப்பவனே தச்சன். ஜெர்மி முதலிற் சட்டத்தை நம்பினார். பின் இரக்கத்தை நம்பினார். இரண்டும் போதாவென்று கண்டபோது, பெற்ற புகழையும் பாராது, நகையைக் கையில் எடுத்தார். தம் பழைய விடை தவறென்று கண்டு புது விடை தேடுதல் நாற்பத்தேழு வயதிலும் இழிவன்று என்பதை அவர் வாழ்க்கை நமக்கு அறிவுறுத்துகின்றது. கல்வி கற்கும் இளைஞராகிய நாமும், கற்றோம் என்று நின்றுவிடாது, கற்றதனைத் திருத்திக்கொள்ளும் துணிவையும் கற்போமாக.